தொண்டிலும் போட்டி உண்டோ?

கோடை வெயிலிலே தேர்த்திருவிழாவுக்குச் செல்லும் வீதியொன்றை மனத்திலே கொண்டு பாருங்கள், நேயர்களே. வீதியின் ஒரு மருங்கிலே தண்ணீர்ப்பந்தல் ஒன்று இருக்கின்றது. கிடுகு வேய்ந்து, மாவிலைத் தோரணம் கட்டி, பெரிய மிடாக்களிலே மோரும் சர்க்கரைத் தண்ணீரும் நிறைத்து வைத்திருக்கின்றார்கள். சற்றுத் தொலைவிலே, எதிர் மருங்கில், இன்னொரு பந்தல். இரண்டு பந்தற்காரரும் வழிப்போக்கரைக் கைதட்டி அழைக்கின்றார்கள். முதற் பந்தலிலே வயிறு நிறையக் குடித்தவர், இரண்டாம் பந்தலைக் கடக்கும்போது, அழைப்பவரின் மனம் நோகலாகாது என்று அங்கும் ஒரு மிடறு குடித்து வைக்கின்றார். இரண்டு மைலுக்கு அப்பால், நிழலற்ற வெட்டவெளியிலே, ஒரு கிழவி நடந்து வருகின்றாள். அவளுக்கு நாவறள்கின்றது. அங்கே பந்தல் எதுவும் இல்லை.

இந்த இரண்டு பந்தல்களுக்குமிடையே நடந்தது போட்டியா, அன்றா? வணிகரிடையேதான் போட்டி உண்டு, அறஞ்செய்வோரிடையே அச்சொல்லுக்கே இடமில்லை என்று கருதுவோர் பலர். தொண்டு நிறுவனமொன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே எவரேனும் எழுந்து, “ஏனைய நிறுவனங்களோடு ஒப்பிடுகையில் எங்களுடைய அனுகூலம் யாது?” என்று வினவினால், கூட்டத்திலுள்ள முதியவர்கள் முகஞ்சுளிப்பார்கள். கடைக்காரன் பேச்சு இங்கே எதற்கு என்பார்கள். அவர்களுடைய வெறுப்பு நல்ல மனத்திலிருந்து எழுவதே. ஆயினும், கண்ணை மூடிக்கொள்வதனாலே போட்டி இல்லாமற் போய்விடுவதில்லை. நன்கொடையாளர் ஒருவர் தம் பணத்தை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் கொடுக்கமாட்டார். நல்ல ஊழியன் ஓரிடத்திலேதான் வேலை செய்வான். ஏழைத் தாயொருத்திக்கு வேலையில்லாத பொழுது ஒரு நாளிலே ஒரு நாழிகைதான். அந்த நாழிகையையும் மூன்று நிறுவனங்கள் தத்தம் கூட்டங்களுக்குக் கேட்கின்றன.

இலங்கை மக்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இத்தீவின் கரையோரத்தை அழித்த பின்னர், உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்தன. வந்தவர்களிடம் பணத்துக்குக் குறைவிருக்கவில்லை. அதனை விரைவிலே செலவிட்டுக் கணக்குக் காட்டவேண்டிய நெருக்கடியே மிகுந்திருந்தது. வள்ளம் கொடுப்பது கண்ணுக்குத் தெரிகின்ற உதவி. படம் பிடிப்பதற்கும் ஏற்றது. ஆகவே பலரும் வள்ளமே கொடுத்தனர். சில ஊர்களிலே அலை கொண்டுபோனவற்றைவிடக் கூடுதலான சிறு வள்ளங்கள் கரையிலே வரிசையாகக் கிடந்தன. முன்னர் கடலுக்குச் செல்லாதவர் சிலருக்கும் வள்ளம் கிடைத்தது. வடக்கிலும் கிழக்கிலும் வேறு பல ஊர்களுக்கு உதவி பிந்தியே சென்றது. வள்ளங்களின் பக்கத்திலும் புதிய வீடுகளின் சுவரிலும் கொடுத்தவரின் பெயரும் சின்னமும் தீட்டப்பட்டிருந்தன. பின்னர் உதவி நிறுவனங்கள் பல கூடி வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை, வெளியார் உள்ளூர் மக்களின் ஆற்றலைத் துணைக்கொள்ளாது அதனை ஒதுக்கித் தாமே அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டனர் என்று வெளிப்படையாகவே குறை கூறியது.

போட்டி இருந்தது என்பதில் ஐயமில்லை. எதிலே போட்டி என்பதுதான் வினா.

1985 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர், “போட்டி அனுகூலம்” என்று பொருள்படும் பெயரோடு ஒரு நூலை வெளியிட்டார். வணிகர் உலகிலே அந்நூல் பெரும் செல்வாக்குப் பெற்றது. அவர் கூறியதன் சாரம் எளியது. ஒரு வணிகநிலையம் நிலைத்து ஓங்கவேண்டுமாயின், ஏனையோரைவிடக் குறைந்த செலவிலே தன் பொருளை ஆக்கவேண்டும். அல்லது வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கவும் மனமொப்புகின்ற தனிச்சிறப்பு ஒன்று அப்பொருளுக்கு இருக்கவேண்டும். இரண்டுமில்லாத நிலையம் நெடுநாள் நில்லாது.

இக்கருத்தைத் தொண்டு நிறுவனத்துக்கு அப்படியே பொருத்தலாமா? பொருத்தலாகாது. காரணம் இது. சந்தையிலே கத்தரிக்காய் வாங்குகின்றவர் எவரோ, அவரே அதனைச் சமைத்து உண்பவரும் ஆவார். காய் முற்றலாயிருந்தால் அடுத்த கிழமை அவர் வேறு கடைக்குச் செல்வார். விற்பவளுக்குத் தன் குறை ஏழு நாளிலே தெரிந்துவிடும். தொண்டு நிறுவனத்திலோ விலை கொடுப்பவர் ஒருவர், உண்பவர் வேறொருவர். பணம் கொடுப்பவர் ஜெனீவாவிலோ கொழும்பிலோ இருக்கின்றார். பெறுபவர் வாகரையிலோ முல்லைத்தீவிலோ இருக்கின்றார். ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆகவே தொண்டு நிறுவனத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கொடுப்போர் வாசல். மற்றது பெறுவோர் வாசல்.

கொடுப்போர் வாசலிலே வெற்றிபெறுவதற்கு வேண்டியவை அழகிய அறிக்கை, ஆங்கிலத்திலே சரளமான எழுத்து, உரிய நேரத்திலே கணக்கு, கண்ணீரை வரவழைக்கும் ஒரு படம். இவை தீயவை அல்ல. கணக்கு ஒழுங்காயிருப்பது மிக நன்று. ஆனால் இவற்றிலே வல்லதாயிருக்கும் ஒரு நிறுவனம் பெறுவோர் வாசலிலே ஒன்றுக்கும் உதவாததாயும் இருக்கலாம். இதற்கு மறுதலையும் உண்டு. ஊரின் ஒவ்வொரு படலையையும் அறிந்த சிறு சங்கமொன்று, விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாத ஒரே காரணத்தால் வாடிப்போவதும் உண்டு. பணம் முதலாவதற்குச் செல்கின்றது. வேலை இரண்டாவதிடம் கிடக்கின்றது. இதனால் நட்டப்படுபவர் சங்கத்தின் தலைவர் அல்லர்.

ஆகவே தொண்டிலே போட்டி அனுகூலம் என்பதற்கு வரைவிலக்கணம் கூறுவதாயின், பெறுவோர் வாசலில் நின்றே கூறவேண்டும். இந்த நிறுவனம் நாளைக்கு இல்லாமற் போனால், உதவி பெறுவோர் எதனை இழப்பர்? இழந்ததை வேறொருவர் அதே செலவிலே, அதே தரத்திலே கொடுக்க வல்லரா? வல்லராயின், அந்த நிறுவனத்துக்கு அனுகூலம் எதுவும் இல்லை. அதன் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாயிருந்தாலும் இல்லை. வல்லரல்லராயின், அந்த இட்டு நிரப்பமுடியாத பகுதி எதுவோ அதுவே அதன் அனுகூலம்.

உதாரணமொன்றை விரிவாகப் பார்ப்பது பயன்தரும்.

கோவிந்தப்ப வெங்கடசாமி என்னும் கண்வைத்தியர் 1918 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் வடமலாபுரம் என்ற சிற்றூரிலே பிறந்தவர். இந்திய இராணுவத்தின் வைத்தியப் பகுதியிலே சேவைபுரிந்த காலத்தில் கடுமையான மூட்டுவாதம் அவரைப் பற்றியது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே சத்திரசிகிச்சைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, மதுரை அரசினர் வைத்தியசாலையிலே கண்வைத்தியராகப் புகழ்பெற்று, 1976 ஆம் ஆண்டிலே இளைப்பாறினார். பலர் இளைப்பாறியதும் சாய்மனைக் கதிரையைத் தேடுவர். அவரோ தம் உடன்பிறந்தாரையும் துணைசேர்த்துக்கொண்டு, அதே ஆண்டில் மதுரையிலே பதினொரு கட்டில்களோடு ஒரு கண்வைத்தியசாலையைத் தொடங்கினார். அரவிந்தர் பெயரால் அமைந்த அந்த வைத்தியசாலை இன்று ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்யும் பேரமைப்பாக வளர்ந்திருக்கின்றது. சிகிச்சை பெறுவோரிற் பாதிக்கும் மேற்பட்டோர் ஒன்றும் கொடாமலோ மிகச் சொற்பம் கொடுத்தோ பெறுகின்றனர்.

இதன் அனுகூலம் எதிலே தங்கியுள்ளது? கருணை என்று சொல்வது எளிது. வெங்கடசாமியின் கருணையை மறுப்பார் இல்லை. ஆனால் கருணையுள்ள கண்வைத்தியர் வேறு பலரும் இருந்தனர். அவர்கள் நாளொன்றுக்கு நாலைந்து பேருக்குச் சிகிச்சை செய்து களைத்துப் போயினர். வேறுபாடு வேலையை அடுக்கிய முறையிலே இருந்தது.

சத்திரசிகிச்சை அறையிலே வைத்தியர் ஒருவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையிலே நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போது, அடுத்த மேசையிலே மற்றொரு நோயாளியைத் தாதியர் ஆயத்தப்படுத்தி வைத்திருப்பர். முதலாவது கண் முடிந்ததும் வைத்தியர் உருப்பெருக்கிக் கருவியை மறுபுறம் திருப்பி அடுத்த கண்ணைத் தொடங்குவார். வைத்தியர் ஒருவரைத் தவிர வேறெவராலும் செய்யமுடியாத வேலை எதுவோ, அதனை மாத்திரமே வைத்தியர் செய்வார். ஏனையவற்றை, கிராமங்களிலிருந்து தெரிந்தெடுத்து இரண்டாண்டு பயிற்றப்பட்ட இளம்பெண்கள் செய்வர். இவ்வொழுங்கினால் அங்கே ஒரு வைத்தியர் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2000 சத்திரசிகிச்சைகள் செய்கின்றார். ஏனைய இடங்களிலே சில நூறு செய்வதே பெரிது. அமெரிக்காவின் மக்டொனால்ட் உணவுச்சாலைகளிலே எங்கு சென்றாலும் ஒரே முறையில், ஒரே தரத்தில், விரைவாக உணவு ஆக்கப்படுவதைப் பார்த்து வியந்தவர் வெங்கடசாமி. இறைச்சி அடைத்த பணிஸ் விற்கின்ற கடையிலே கண்வைத்தியத்துக்குப் பாடம் உண்டென்று கண்டது அவருடைய தனிப்பார்வை. ஆன்மீகத்திலே ஆழ்ந்த ஒருவர் அதனைக் கண்டார் என்பது இன்னும் சுவையானது.

விரைவு தரத்தைக் கெடுக்காதா என்று ஐயுறுதல் இயல்பே. சிகிச்சைக்குப் பின்னர் நேரும் சிக்கல்களின் வீதம் பிரித்தானியாவின் கணிப்புகளோடு ஒப்பிடப்பட்டபோது அரவிந்தம் பின்தங்கியிருக்கவில்லை. ஒரே வேலையை ஆயிரம்முறை செய்த கை தவறுவது குறைவு. மேலும், அங்கே பணங்கொடுக்கும் நோயாளியும் உண்டு. இலவசமாகச் சிகிச்சை பெறுவோருக்கும் பணங்கொடுப்போருக்கும் சிகிச்சை செய்யும் வைத்தியர்கள் அவர்களேதான். வேறுபடுபவை தங்கும் அறையும் வசதிகளுமே. பணங்கொடுப்பவர் மதுரையிலே வேறு வைத்தியரிடம் செல்லக்கூடியவர். தரம் குறைந்தால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் இலவசச் சிகிச்சைக்குப் பணமில்லை. சந்தையிலே கத்தரிக்காய் விற்பவளுக்கு இருந்த அதே காது இவ்வாறு அரவிந்தத்துக்கும் கிடைத்தது.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. சிகிச்சை இலவசம் என்று பறைசாற்றியும் கிராமங்களிலே பார்வையிழந்தோர் பலர் வரவில்லை. அறியாமை என்று சொல்லி விட்டுவிடலாம்; பலரும் அவ்வாறே விட்டுவிட்டனர். அரவிந்தத்தார் காரணத்தைத் தேடினர். பட்டணத்துக்கு வரப் பேருந்துக் காசு வேண்டும். கண் தெரியாதவர் தனியே வரமுடியாது; துணைக்கு வருகின்ற மகனோ மருமகளோ அன்றாடக் கூலியை இழக்கவேண்டும். தங்கியிருக்கும் நாளிலே சாப்பாடு வேண்டும். இலவசமென்று சொல்லப்பட்ட சிகிச்சைக்கு ஏழை கொடுக்கவேண்டிய விலை இவ்வளவு இருந்தது. ஆகவே அவர்கள் கிராமத்திலேயே முகாம் நடத்திக் கண்ணைச் சோதித்து, சத்திரசிகிச்சை வேண்டியவர்களைத் தாமே பேருந்தில் ஏற்றிவந்து, உணவும் இடமுங் கொடுத்து, மீண்டும் ஊரிலே கொண்டுபோய் விட்டனர். கூட்டமாக வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணையாயினர். பெறுவோர் வாசலில் நின்று பார்த்தவருக்கே இந்த விலை தெரியும்.

இங்கே வணிகனுக்கும் தொண்டனுக்கும் பாதை பிரிகின்றது. கண்புரை நீக்கியபின் கண்ணினுள்ளே பொருத்தும் சிறு செயற்கை வில்லை அக்காலத்திலே வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒன்றின் விலை நூறு டொலர் அளவினதாகும். ஏழைகளுக்கு அது எட்டாது. அவர்களுக்குப் புரையை நீக்கிவிட்டு, சோடாப் போத்தலின் அடிபோன்ற தடித்த மூக்குக்கண்ணாடியே கொடுக்கப்பட்டது. 1992 ஆம் ஆண்டு அரவிந்தத்தார் மதுரையிலே ஓரோலாப் என்னும் தொழிற்சாலையை நிறுவி அவ்வில்லையைத் தாமே ஆக்கத் தொடங்கினர். விலை ஏறக்குறைய பத்து டொலராகக் குறைந்தது. வணிகன் ஒருவன் இந்த அனுகூலத்தைப் பெட்டகத்திலே வைத்துப் பூட்டியிருப்பான். இவர்களோ வில்லையை ஏனைய வைத்தியசாலைகளுக்கும் பிற நாடுகளுக்கும் அதே குறைந்த விலையிலே விற்றனர். அதே 1992 இல் பயிற்சி நிலையமொன்றையும் அமைத்து, தங்களோடு போட்டியிடக்கூடிய வைத்தியசாலைகளின் வைத்தியரையும் நிர்வாகிகளையும் அழைத்து, இரண்டு மேசை முறையையும் கணக்கு முறையையும் ஒளிக்காமற் கற்பித்தனர். வணிகனுக்கு அனுகூலம் காக்கவேண்டிய பொருள். தொண்டனுக்கு அது பரப்பவேண்டிய பொருள். பார்வையற்றோர் தொகை குறைவதே நோக்கமென்றால், எவர் கையால் குறைந்தால் என்ன?

அரவிந்தத்தின் அனுகூலம் வேலை ஒழுங்கிலே இருந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் அப்படி இருக்கவேண்டியதில்லை. கண்ணைப்பற்றியே பேசுவதாயின், இலங்கையிலே இதற்கு முற்றிலும் வேறான ஓர் உதாரணம் உண்டு. 1958 ஆம் ஆண்டிலே, மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா, இறந்தபின் கண்களைத் தானஞ்செய்யுமாறு பத்திரிகை வாயிலாக மக்களைக் கேட்டார். 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றியது. தொடக்கத்திலே தானமாகக் கிடைத்த கண்களைப் பேணுவதற்கு அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியே உதவியது. 1964 இல் பனிக்கட்டி நிறைத்த குடுவையிலே முதற் கண்கள் சிங்கப்பூருக்கு விமானத்திற் சென்றன. பின்னர் இத்தீவின் கண்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று பார்வை கொடுத்தன.

பெற்றுக்கொண்ட நாடுகளிற் பல, இலங்கையைவிடச் செல்வம் மிக்கவை. சிறந்த வைத்தியரும் கருவிகளும் அங்கே இருந்தன. கண்கள்தாம் இல்லை. பணத்தாலே வாங்கமுடியாத ஒன்று இச்சிறு சங்கத்திடம் இருந்தது. சிவி மன்னன் தன் கண்களைப் பிடுங்கிக் கொடுத்த சாதகக் கதையைப் பௌத்தர்கள் விகாரையிலே சிறுவயதுமுதல் கேட்டு வளர்ந்தவர்கள். கேட்டவருக்குக் கண் கொடுப்பது அவர்களுக்குப் புதிய செய்தி அன்று, பழைய புண்ணியம். கண்ணப்ப நாயனாரின் கதையைக் கேட்டு வளர்ந்த சைவருக்கும் அவ்வுணர்ச்சி விளங்காததன்று. ஹட்சன் சில்வா செய்தது, அந்தப் பழைய உணர்ச்சிக்கும் புதிய வைத்தியத்துக்கும் இடையிலே ஒரு பாலம் கட்டியது. தம் தாயார் இறந்தபோது அவருடைய கண்ணின் படலத்தையே ஏழை விவசாயி ஒருவருக்குப் பொருத்தினார் என்பதும் மக்கள் அறிந்த செய்தி. செத்தவீட்டிலே, அழுகை ஓயுமுன்னர், அந்நியர் ஒருவர் வந்து கண்ணை எடுக்க இடங்கொடுப்பது எத்துணை நம்பிக்கை! தானமாகப் பெற்ற பொருளிலே எவரோ இலாபம் தேடுகின்றார் என்ற ஓர் ஐயம் ஊரிலே பரவுமாயின் அந்தக் கதவு அன்றே அடைபட்டுவிடும். இத்தகைய அனுகூலத்தை வேறொருவர் பார்த்துப் பிரதிசெய்ய முடியாது. உடையவர் ஒருநாளிலே தொலைத்துவிடவும் கூடும். அரவிந்தத்தின் இரண்டு மேசையை எந்த நாட்டுக்கும் கொண்டுசெல்லலாம். இதனை அப்படிக் கொண்டுசெல்ல இயலாது.

இனி, காதைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பணங்கொடுக்கும் நோயாளி அரவிந்தத்துக்குக் காதாக இருந்தார். பெறுவோர் எவரும் ஒன்றும் கொடாத பணியிலே காது எங்கிருந்து வரும்? ஏழை முறையிடமாட்டார். முறையிட்டால் அடுத்தமுறை கிடைக்கும் அரிசியும் நின்றுபோகும் என்று அஞ்சுவார். கொடுத்த கோழிக்குஞ்சுகள் செத்துப்போயினவா என்று அதிகாரி வினவினால், “நல்லா இருக்குதுங்கோ ஐயா” என்று சிரித்து விடையளிப்பார். வணிகனுக்கு விற்பனை குறையும். தொண்டு நிறுவனத்துக்குப் பந்தலின்கீழ் கூட்டம் குறைவதேயில்லை. ஆகவே ஒரு நிறுவனம் இருபதாண்டு பயனற்று உழைத்தும் அதனை அறியாமலே இருக்கமுடியும். அந்த இருபதாண்டு உழைப்பும் உண்மையான உழைப்பு என்பதுதான் துயரம்.

வங்காளதேசத்தின் பிராக் என்னும் நிறுவனம் இந்தச் செவிட்டுத்தன்மையை எதிர்த்து நின்ற விதம் கவனிக்கத்தக்கது. ஷெல் எண்ணெய்க் கம்பனியிலே கணக்குத்துறையில் உயர்பதவி வகித்த பஸ்லே ஹசன் அபேத், யுத்தம் முடிந்து நாடு பாழ்பட்டுக் கிடந்த 1972 ஆம் ஆண்டில், இலண்டனில் இருந்த தம் வீட்டை விற்ற பணத்தோடு சுல்லா என்ற பின்தங்கிய பகுதியிலே அதனைத் தொடங்கினார். அக்காலத்திலே வயிற்றோட்டத்தினால் குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தன. உப்பும் இனிப்பும் அளவாகக் கரைத்த நீரைப் பருகக்கொடுத்தால் உயிர் தப்பும் என்பதை டாக்காவிலும் கல்கத்தாவிலும் வைத்தியர்கள் நிறுவியிருந்தனர். ஆனால் அந்த அறிவு ஆய்வுகூடத்திலே இருந்தது. குழந்தை குடிசையிலே இருந்தது.

1980 ஆம் ஆண்டுமுதல் பிராக்கின் பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்றனர். மருந்துப் பொட்டலம் கொடுக்கவில்லை. மூன்று விரலாலே கிள்ளி எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச்சேர் தண்ணீர்: இவ்வளவுதான். தாயின் வீட்டுப் பாத்திரத்திலேயே அரைச்சேருக்கு அடையாளமிட்டு, தாயின் கையாலேயே கலக்கச் செய்தனர். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. ஆகையால் விரலுக்குப் பயிற்சி வேண்டும்.

ஊழியருக்குச் சம்பளம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதிலேதான் சூட்சுமம் இருக்கின்றது. எத்தனை வீட்டுக்குச் சென்றார் என்று எண்ணிக் கொடுக்கவில்லை. சில கிழமைகள் கழித்து வேறொரு குழு சென்று, சில வீடுகளைத் தெரிந்தெடுத்து, “என்ன படித்தீர்கள்? கலந்து காட்டுங்கள்” என்று தாய்மாரைக் கேட்கும். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாளோ, அவ்வளவுக்கே ஊழியரின் ஊதியம். தாய் மறந்துவிட்டால் ஊழியருக்கு ஒன்றுமில்லை. கலந்த நீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்று உப்பின் அளவையும் சோதித்தனர். பாடசாலைகளிலே மாணவர் எவ்வளவு கற்றனர் என்பதற்கேற்ப ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதென்றால் ஆசிரியர் சங்கங்கள் என்ன சொல்லுமோ, அது வேறு விடயம்.

அக்காதின் வழியே கசப்பான செய்தியும் வந்தது. தாய்மாருக்கு முறை நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் அந்நீரைக் கொடுக்கவில்லை. ஏனென்று துருவினர். கற்பித்த ஊழியர்களிற் பலருக்கே அதிலே நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் மாத்திரை தேடினர். உதட்டாலே சொல்லிக்கொடுத்ததை உள்ளம் ஏற்கவில்லை என்பதைத் தாய்மார் உணர்ந்துகொண்டனர் போலும். பிராக் அவ்வூழியர்களை டாக்காவிலுள்ள ஆய்வுநிலையத்துக்கு அனுப்பி, சாகக்கிடந்த நோயாளி அந்நீரால் எழுந்திருப்பதைக் கண்ணாற் காணச்செய்தது. கந்தைக் கட்டில்களின் அருகே நின்று பார்த்தவர்கள் வேறு மனிதராகத் திரும்பினர். வீட்டிலே ஆண்களுக்குச் சொல்லாமற் பெண்களுக்கு மாத்திரம் சொன்னதும் பிழையெனக் கண்டு, பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினர். 1990 ஆம் ஆண்டு முடிவதற்குள் 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்குச் சென்றுவிட்டனர். பின்னர் அக்குழுக்களுக்கு அந்த வேலை இருக்கவில்லை. அறிவு தாய்மாரிடம் போய்விட்டது. தாய்மார் மகள்மாருக்குச் சொல்லினர்.

பெரிய நிறுவனங்களின் கதை இது. சிறிய சங்கங்களுக்கு இவ்வளவு பொருளுமில்லை, ஆளுமில்லை. அவர்களுக்கு என்ன அனுகூலம் இருக்கமுடியும் என்று கேட்கலாம். வடமாகாணத்துக் கிராமமொன்றிலுள்ள சனசமூக நிலையத்தைப் பாருங்கள். ஒரு கட்டடம், நாலு வாங்கு, அன்றாடப் பத்திரிகைகள், பூட்டு உடைந்த ஓர் அலுமாரி. செயலாளர் பகலிலே வேறு தொழில் செய்பவர். நன்கொடை கொடுக்கும் நிறுவனமொன்று இந்த ஆண்டு கணினிப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியிருக்கின்றது என்று கேள்விப்பட்டு, அவர் கணினி வகுப்புக்கு விண்ணப்பம் எழுதுகின்றார். அடுத்த கிராமத்திலே அதே வகுப்பு முன்னரே நடக்கின்றது. அங்கே ஆசிரியர் நல்லவர், இயந்திரங்களும் புதியவை. சென்ற ஆண்டு தையற் பயிற்சிக்குப் பணம் வந்தது. அப்போது தையல் வகுப்பு வைத்தார். தையல் இயந்திரங்கள் இரண்டு இப்போது சாக்கினால் மூடிக் கிடக்கின்றன. அவரைக் குறைசொல்லுவதற்கில்லை. கட்டடத்தின் மின்சாரக் கட்டணத்தை எவரேனும் கட்டத்தானே வேண்டும்.

ஆனால் அச்செயலாளரிடம், விண்ணப்பப் படிவம் எதுவும் கேட்காத ஒரு செல்வம் உண்டு. மாலையிலே பத்திரிகை வாசிக்க வருபவர்களின் பேச்சிலிருந்தும், கோயில் வீதியிலே காண்பவற்றிலிருந்தும், அந்த ஊரிலே பாடசாலைக்குப் போகாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் இன்னார் என்று அவருக்குத் தெரியும். பாடசாலைப் பதிவேட்டிலே “வரவில்லை” என்ற ஒரு குறி மாத்திரம் இருக்கும். தகப்பன் குடியினால் நின்ற பிள்ளை எது, சப்பாத்து இல்லாமையால் நின்றது எது, தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபின் தம்பியைப் பார்க்க நின்ற பெண்பிள்ளை எது என்று பதிவேடு சொல்லாது. கச்சேரியிலிருந்து வரும் உத்தியோகத்தருக்கும் தெரியாது. வெளியூர் நிறுவனமொன்று ஆய்வு நடத்தினால் ஆறு மாதமும் பெரும்பணமும் செலவாகும். அப்போதும் தாய்மார் உண்மை சொல்வார்களோ என்பது ஐயம். சப்பாத்து இல்லாத பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் போதும். பெண்பிள்ளைக்கோ அது பயன்படாது; அவளுடைய தம்பியைக் காலையிலே நான்கு மணித்தியாலம் பார்த்துக்கொள்ள ஒரு கிழவி வேண்டும். அந்தக் கிழவி எவள் என்பதும், அவளுக்கும் அப்பெண்பிள்ளையின் பேத்திக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்பதும் செயலாளருக்குத் தெரியும். அத்தகைய பிள்ளைகள் அந்த ஊரிலே பதினொருவர் என்று வைத்துக்கொண்டால், பதினொரு பெயரையும் அவர் ஒரு தாளிலே எழுதிவிடலாம். அதற்குக் கணினி வேண்டியதில்லை. அடுத்த கிராமத்து ஆசிரியர் எவ்வளவு நல்லவராயினும் அந்தத் தாளை அவரால் எழுத முடியாது.